மஞ்சளும் மறதியும்

ஒரு சிறு நூல் நம் கைக்கு வந்து சேர்ந்தது. பதினாறே பக்கங்கள். மஞ்சள் நிற அட்டை. அட்டையிலே ஒரு முதியவர் சிரிக்கிறார். அவர் தோளைத் தழுவியபடி ஒரு பேரப்பிள்ளை. அருகே ஒரு மருந்துக் குப்பி. நூலுக்கு விலை போடவில்லை. போடவேண்டிய தேவையும் இல்லை. குப்பி வாங்குவோருக்கு நூல் இலவசம்! முதுமையில் வரும் மறதி நோயை மஞ்சள் தீர்க்கும், அந்த மஞ்சளின் சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கித் தருகிறோம், வாங்கி உண்டால் மறந்ததெல்லாம் மீண்டும் நினைவுக்கு வரும் - இதுவே நூல் நுவலும் பொருள்.

இலக்கியம் பேசும் ஏட்டிலே மருந்து விளம்பரத்துக்குத் திறனாய்வா என்று முகஞ்சுளிக்கும் தோழர்கள் இருக்கக்கூடும். இருக்கட்டும். நல்ல நாவலை நாலு பேர் படிக்கும் ஊரிலே இத்தகைய நூலை நானூறு பேர் படிக்கின்றனர். படிப்பதோடு நில்லாமல் நம்புகின்றனர். நம்புவதோடு நில்லாமல் ஓய்வூதியப் பணத்தை எண்ணி எடுத்தும் கொடுக்கின்றனர். எந்த எழுத்து மக்கள் வாழ்வைத் தொடுகிறதோ, அந்த எழுத்தை எடுத்து வைத்து ஆராய்வது திறனாய்வாளன் கடன் அன்றோ?

நூல் நம்மிடம் வந்த வழியையும் சொல்லிவிடுகிறோம். நமக்கு ஒன்பதாம் வகுப்பிலே இலக்கணம் கற்பித்த தமிழ் ஐயா இன்று எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நன்னூல் சூத்திரத்தைப் பிழையின்றிச் சொல்வார் என்று பெயர் பெற்றவர், காலையில் உண்டதை நண்பகலில் மறந்துவிடுகிறார். சென்ற திங்கள் அவரைக் காணச் சென்றோம். அமரச் சொன்னார், நலம் கேட்டார், சற்று நேரம் கழித்து, தம் துணைவியார் பக்கம் திரும்பி, "இந்தத் தம்பி யார்?" என்றார். அந்த அம்மையார் நம்மை வாசல்வரை அழைத்து வந்து, முந்தானைக்குள் வைத்திருந்த நூலை எடுத்து நீட்டினார். "தம்பி, நீ படிச்ச பிள்ளை. இதிலே போட்டிருக்கிறது நெசமா? இதைக் கொடுத்தா ஐயாவுக்குத் தெளியுமா? டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டு இதை மட்டும் கொடுங்கன்னு விக்கிறவர் சொல்றாரு."

படித்துவிட்டுச் சொல்கிறோம் என்று வாங்கி வந்தோம். நாம் மருத்துவரல்லோம். கலைக் கல்லூரியிலே பட்டம் பெற்றுப் பள்ளியிலே தமிழ் சொல்லிக் கொடுப்பவர். ஆயினும், அச்சிட்ட ஒன்றைப் படிக்கவும், அதை அச்சிட்ட பிறவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் தமிழ் ஐயாவே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்.

நூலின் முதல் நான்கு பக்கங்கள் முன்னோர் புகழ். மங்கலத்துக்கு மஞ்சள், மணமகள் கழுத்திலே மஞ்சள் கயிறு, புத்தாடையின் ஓரத்திலே மஞ்சள், நிலைப்படியிலே மஞ்சள் என்று அடுக்கிச் செல்கிறார் ஆசிரியர். அத்தனையும் உண்மைதான். அதனால் என்ன? நிலைப்படியிலே பூசியது மூளைக்கு மருந்தாகிவிடுமா? முன்னோர் மஞ்சளைக் கறிக்கு இட்டனர், புண்ணுக்கு இட்டனர், துணிக்குச் சாயமாக இட்டனர். மறதி நோய்க்கு இட்டார்களா என்றுதான் நாம் கேட்கிறோம். மூத்தவர் நினைவு தடுமாறியபோது 'வயது ஆகிவிட்டது' என்று சொல்லி அமைதியடைந்தனர் அவர்கள். அது வயதன்று, மூளையைத் தின்னும் நோய் என்று உலகுக்குக் காட்டப்பட்டது 1906 ஆம் ஆண்டில். செருமனி நாட்டுத் தூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில். ஐம்பது வயதைக் கடந்த நிலையில் நினைவிழந்து மாண்ட ஒரு பெண்மணியின் மூளையைக் கூறிட்டு, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அதிலே கண்ட படிவுகளையும் நார் முடிச்சுகளையும் எடுத்துரைத்தார் அலோய்சு அல்சைமர். அவர் பெயராலேயே அந்நோய் இன்று வழங்குகிறது.

மஞ்சளுக்கு அந்த நிறத்தைத் தரும் பொருளான குர்க்குமினும் அவ்வாறே. அதை 1815 இல் தனியே பிரித்தவர்கள் வோகல், பெல்லெத்தியே என்னும் ஐரோப்பிய வேதியியலார். அதன் மூலக்கூற்று அமைப்பை 1910 இல் கண்டவர்கள் போலந்து நாட்டு வேதியியலார். இதைச் சொல்வது முன்னோரைப் பழிப்பதற்கன்று. அவர்கள் அறிந்தது அவர்களுக்குப் பெருமை. அவர்கள் அறியாததை அவர்கள் தலையில் ஏற்றி, அந்தத் தலையைக் காட்டிக் காசு பறிப்பதுதான் அவர்களுக்கு இழிவு!

அடுத்து வருவது வீரகாவியம். அமெரிக்கன் நம் மஞ்சளைத் திருட வந்தான், பாரதம் போராடி மீட்டது, ஆகவே மஞ்சளின் மருத்துவ ஆற்றலை உலகமே ஒப்புக்கொண்டது என்கிறது நூல். வழக்கு உண்மை, முடிவுதான் பொய். மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு 1995 இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்தது. 1997 இல் காப்புரிமை நீக்கப்பட்டது. எதனால்? பழந்தமிழர் வீரத்தாலா? பாட்டியார் சொன்னார் என்று சத்தியம் செய்ததாலா? இல்லை! நம் நாட்டார் 32 எழுத்துச் சான்றுகளைக் கொண்டு போய் வைத்தனர். வடமொழி மருத்துவ நூற்பகுதிகளோடு, 1953 இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளியான ஒரு கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 'இது புதிதன்று' என்பதை மெய்ப்பித்தனர், வென்றனர். அங்கே எழுந்த கேள்வி 'இது புதிதா' என்பது மட்டுமே. 'இது நோயைத் தீர்க்குமா' என்பது அந்த வழக்கிலே கேட்கப்படவே இல்லை. அதிலும் அது புண்ணைப் பற்றிய வழக்கு. புண்ணுக்குக் கிடைத்த தீர்ப்பைத் தூக்கிவந்து மூளையிலே ஒட்டுகிறார் நம் நூலாசிரியர்! எழுத்துச் சான்று கொண்டு வென்ற வழக்கை, எழுத்துச் சான்றே வேண்டாம் என்பதற்குத் துணையாக அழைக்கும் துணிவை என்னென்பது!

வழக்கை முடித்த கையோடு அரியானாவுக்குப் போகிறார். தில்லிக்குத் தெற்கே வல்லப்கர் என்றோர் ஊர். அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலே வாழும் முதியோரை ஆராய்ந்து 2001 இல் ஒரு முடிவு வெளியிட்டனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றிலே காண்பதைவிட, அல்சைமர் நோய் புதிதாய்த் தோன்றும் அளவு அங்கே மிகக் குறைவு என்பது அம்முடிவு. உடனே பறந்தது கொடி: மஞ்சள் உண்ணும் நாட்டிலே மறதி நோய் இல்லை! ஆனால் மஞ்சளை அளந்து பார்த்த ஆய்வன்று அது. வாழ்நாள் அங்கே குறுகியதாயிருப்பதும், தொடர்ந்து கவனித்த காலம் சிறிதாயிருப்பதும் இந்த முடிவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தனர். நோய் வரும் வயதை எட்டுமுன்னே மனிதன் மாண்டுபோனால், நோய் குறைவு என்று கொண்டாடுவதா, வாழ்வு குறைவு என்று வருந்துவதா? அதே நாட்டிலே வாழ்நாள் நீண்டபின் நிலை என்ன? 2023 இல் வெளியான நாடு தழுவிய கணக்கீட்டின்படி, அறுபது வயதைக் கடந்த இந்தியருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், அறிவுத் தேய்வு நோய்களில் ஏதோ ஒன்றால் வாடுகின்றனர். நாள்தோறும் குழம்பிலே மஞ்சள் உண்டு வளர்ந்தவர்கள்தாமே அந்த 88 இலட்சமும்?

இனி, நூலின் நடுப்பகுதிக்கு வருவோம். 'ஆராய்ச்சி' என்னும் சொல் இங்கே பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. இந்தப் பகுதியைப் படிக்கையிலேதான் நம் தமிழ் ஐயாவின் வகுப்பு நினைவுக்கு வந்தது. ஒரு வாக்கியத்தின் நேர்மையை அறிய வேண்டுமானால் முதலில் எழுவாயைத் தேடு, பிறகு பயனிலையைப் பார் என்பார் அவர். தேடினோம். எழுவாயைக் காணோம்!

நடந்தது இது. கலிபோர்னியாவின் லாசு ஏஞ்சல்சு நகரிலே, கிரெகரி கோல், சாலி பிராட்சி என்னும் ஆய்வாளர்கள் தம் குழுவினருடன் சுண்டெலிகளுக்குக் குர்க்குமின் கொடுத்துப் பார்த்து, 2001 இல் முடிவை வெளியிட்டனர். அவை வயலிலும் வீட்டிலும் ஓடும் எலிகளல்ல. சுவீடன் நாட்டுக் குடும்பம் ஒன்றிலே இளவயதிலேயே அல்சைமர் நோயை உண்டாக்கிய மரபுக்கூற்றை ஏற்றி, மூளையில் படிவு தோன்றும்படி ஆக்கப்பட்டவை. குர்க்குமினைச் சிறிதளவு உண்ட எலிகளின் மூளையில் படிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மிகுதியாக உண்ட எலிகளில் அவ்வாறு குறையவில்லை. ஆகவே மனிதரிடமும் இதைச் சோதித்துப் பார்க்கத் தகும் என்றனர் ஆய்வாளர்கள். அவர்கள் சொன்னது அவ்வளவே.

அந்த வாக்கியம் கடல் கடந்து, மொழி கடந்து, நம் நூலாசிரியரின் மேசைக்கு வருமுன் அதற்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். 'மரபுக்கூறு ஏற்றிய சுண்டெலிகளின் மூளையில்' என்பது முதலில் 'எலிகளின் மூளையில்' ஆயிற்று. அடுத்து வெறும் 'மூளையில்' ஆயிற்று. எலி எங்கே? தோன்றா எழுவாய் ஆகிவிட்டது! 'வந்தான்' என்றால் 'அவன்' என்பது தானே விளங்கும். அதனால் அங்கே எழுவாய் தோன்றாமலிருக்கலாம். இங்கே எலியை மறைத்தால் படிப்பவர் நெஞ்சிலே தானாக வந்து உட்காருவது மனிதன் அல்லவா? அம்மையார் நெஞ்சிலே தம் கணவர் அல்லவா வந்து உட்கார்ந்தார்? பயனிலையின் கதியும் அதுவே. 'குறைக்கக்கூடும்' என்ற ஐயம் 'குறைக்கும்' என்ற உறுதியாயிற்று. 'குறைக்கும்' என்பது 'தீர்க்கும்' என்று வளர்ந்தது. சிறிதளவு பயன்பட்டது, மிகுதி பயன்படவில்லை என்ற செய்தியோ முற்றிலும் தொலைந்தது. தொலையாவிட்டால் பெரிய குப்பியை எப்படி விற்பது? ஒரு முறை நூலைப் புரட்டி எண்ணினோம். 'எலி' என்ற சொல் பதினாறு பக்கத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை.

இந்த மூலக்கூற்றைப் பற்றி வேதியியலார் சொல்வதையும் சற்றுக் கேட்போம். குர்க்குமின் நீரிலே எளிதில் கரையாது. குடல் அதை ஏற்பது மிகச் சிறிது. ஏற்ற சிறிதையும் ஈரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. குருதியிலே நிலைத்து, மூளைவரை போய்ச் சேருவது எவ்வளவு? ஆய்வுக்கூடக் குழாயிலோ அதன் போக்கே வேறு. கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், தானே ஒளிரும், சோதனைக் கருவியையே ஏமாற்றும். புற்றுநோய்க்கு ஆகுமா என்றால் ஆகும் என்னும். மறதி நோய்க்கு ஆகுமா என்றால் அதற்கும் ஆகும் என்னும். எந்த வழக்கிலே நிறுத்தினாலும், எவன் கேட்டாலும், 'ஆமாம் ஐயா' என்று தலையாட்டும் சாட்சி! அத்தகைய சாட்சியை வைத்து எந்த நீதிபதி தீர்ப்பெழுதுவார்? 2017 இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து இதுவரை வந்தவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்தனர். குர்க்குமினை வைத்து மனிதரிடம் 120க்கும் மேற்பட்ட சோதனைகள் தொடங்கப்பட்டிருந்தன. மருந்து எது, வெறும் மாத்திரை எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாமல், உண்பவருக்கும் தெரியாமல் நடத்தும் கடுஞ்சோதனையிலே வெற்றி பெற்றதாக ஒன்றையும் அவர்களால் காட்ட முடியவில்லை.

மறதி நோயாளிகளிடமே நடந்த சோதனைகள் உண்டா? உண்டு. ஆங்காங்கில் 34 நோயாளிகளிடம் ஆறு திங்கள் நடத்தி 2008 இல் வெளியிட்டனர்; பயன் காணவில்லை. லாசு ஏஞ்சல்சில் 36 நோயாளிகளிடம் 24 வாரம் நடத்தி 2012 இல் வெளியிட்டனர். சிலருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் குர்க்குமின், சிலருக்கு 4 கிராம், சிலருக்கு வெறும் மாத்திரை. பயன் காணவில்லை, குருதியிலே தென்பட்ட குர்க்குமினும் மிகமிகச் சிறிது.

இந்த இரண்டாம் சோதனையைப் பற்றி ஒரு செய்தி. அதை வெளியிட்டோர் பட்டியலிலே கோல் பெயரும் பிராட்சி பெயரும் இருக்கின்றன! சுண்டெலியிடம் நம்பிக்கை கண்ட அதே மனிதர்கள், மனிதரிடம் சோதித்து, 'கிட்டவில்லை' என்று தம் கையெழுத்தாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாம் நட்ட செடியைத் தாமே பிடுங்கிப் பார்த்து, வேர் பிடிக்கவில்லை என்று ஊரறியச் சொல்வது எளிதா? நம் நாட்டிலே எத்தனை மேடைகளிலே எத்தனை பேர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம்? முதல் ஆய்வைத் தலைமேல் வைத்துக் கூத்தாடும் நூலாசிரியர் இரண்டாம் ஆய்வை ஒரு சொல்லாலும் குறிக்கவில்லை. இரண்டும் ஒரே குழுவினர் கை பட்டவை என்பது அவருக்குத் தெரியாதென்றால் அறியாமை. தெரியுமென்றால் அதற்கு வேறு பெயர் உண்டு.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் நமக்கும் அவருக்கும் என்ன வேற்றுமை? ஆத்திரேலியாவில் நோயில்லாத முதியோர் 96 பேரிடம் ஓராண்டு நடத்திய சோதனை 2016 இல் வெளியாயிற்று. ஆறாம் திங்களில் வெறும் மாத்திரை உண்டவர்கள் ஒரு தேர்விலே சற்றுப் பின்தங்கினர். குர்க்குமின் உண்டவர்கள் பின்தங்கவில்லை. மற்றத் தேர்வுகளிலே வேற்றுமை இல்லை. லாசு ஏஞ்சல்சில் 40 பேரிடம், குடல் எளிதில் ஏற்கும்படி ஆக்கிய குர்க்குமினைப் பதினெட்டுத் திங்கள் கொடுத்துப் பார்த்து 2018 இல் வெளியிட்டனர். நினைவுத் தேர்வில் முன்னேற்றம் கண்டனர். நல்ல செய்திதான். ஆனால் அந்த 40 பேரும் நோயாளிகளல்லர். நாற்பது பேர் என்பது நம் பள்ளியிலே ஒரு வகுப்பு! ஒரு வகுப்பின் தேர்வை வைத்து மாநிலத்தின் தேர்ச்சியை யாரேனும் அறிவிப்பரோ? பெரிய அளவிலே மீண்டும் சோதிக்கட்டும். வெற்றி வந்தால் முதலில் மகிழ்பவர் நாமாக இருப்போம். ஈரோட்டு உழவனுக்கும் அது நன்மைதானே! 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் அன்றோ அவனுடையது!

ஈரோடு என்றதும் ஒரு கணக்குத் தோன்றுகிறது. மஞ்சளிலே குர்க்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு. சோதனையிலே கொடுத்தது நாளொன்றுக்கு 4 கிராம். வீட்டு மஞ்சளால் அந்த அளவை எட்ட வேண்டுமானால் ஒருவர் நாள்தோறும் 130 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். எந்த வீட்டிலே வைப்பார்கள் அந்தக் குழம்பை? ஆகவே 'பாட்டி காலத்து உணவு முறை' என்று நூல் பாடுவதும், குப்பிக்குள் அடைத்து விற்பதும் ஒன்றல்ல. முன்னது சமையல், பின்னது மருந்து. மருந்தென்று சொல்லி விற்பவன் மருந்துக்குரிய கேள்விக்கு விடை சொல்லித்தானே ஆகவேண்டும்?

செடியிலிருந்து மருந்தே வராது என்பதா நம் கட்சி? அன்று. பால்கன் மலைகளிலும் காக்கசசு மலைகளிலும், உறைபனி கரையுமுன்னே தலைநீட்டும் சிறு வெள்ளைப்பூ ஒன்று உண்டு. தண்டு ஒரு விரல் உயரம். மணி போலக் கவிழ்ந்த பூ. அதன் கிழங்கிலே இருப்பது கேலன்டமைன் என்னும் பொருள். சோவியத்து ஆய்வாளர்கள் 1951 இல் அதன் செயலை எழுதினர். பல்கேரியாவிலே திமிதர் பாசுகோவ் அதை மருந்தாக வளர்த்தார். இளம்பிள்ளை வாதத்தால் தளர்ந்த கைகால்களுக்கு அங்கே வழங்கினர். மூளையிலே நரம்புக்கு நரம்பு செய்தி சுமந்து செல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் அல்சைமர் நோயிலே குறைகிறது என்பது பின்னர்த் தெரிந்தது. அந்தப் பொருளைச் சிதைக்கும் நொதியைக் கேலன்டமைன் தடுக்கும் என்பது முன்பே தெரிந்த செய்தி. இரண்டையும் சேர்த்தனர், சோதித்தனர். எத்தனை பேரிடம்? அமெரிக்காவிலே நடந்த ஒரு சோதனையில் 636 பேர். மற்றொன்றில் 978 பேர். 2001 இல் அமெரிக்க அரசின் மருந்து ஆட்சியகம் இசைவளித்தது. இன்று வேல்சு நாட்டு மலைச்சரிவிலே உழவர்கள் நார்சிசசு வகைப் பூச்செடியைப் பயிரிடுவதும் அந்தப் பொருளுக்காகவே.

அங்கேயும் ஒரு முன்னோர் கதை உண்டு, அதுதான் சுவை! ஓமரின் ஒடிசியிலே, சூனியக்காரியின் மருந்தால் மதிகெடாமலிருக்க, ஒடிசியசுக்குத் தேவன் ஒருவன் ஒரு மூலிகை தருகிறான். கருவேரும் பால்நிறப் பூவும் கொண்டது அது. அந்த மூலிகை இந்தப் பனிப்பூவாகவே இருக்கலாம் என்று 1983 இல் இரு மருத்துவர்கள் எழுதினர். அழகான ஊகம். இலக்கிய மாணவர் என்ற முறையிலே அதை நாமும் விரும்பிப் படித்தோம். ஆனால் மருந்துக்கு இசைவு கேட்டு நின்றபோது ஓமரைச் சாட்சிக்கூண்டிலே ஏற்றியவர் எவருமில்லை. கிரேக்கர் முன்னமே அறிந்தனர், ஆகவே சோதனை வேண்டாம் என்று ஏதென்சிலும் எவரும் சொல்லவில்லை. ஏறியது 636 பேரும் 978 பேரும்.

அந்த மருந்துதான் நோயைத் தீர்த்ததா? தீர்க்கவில்லை. சிலருக்குச் சில காலம் தளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது. குமட்டல் போன்ற தொல்லையும் தருகிறது. உள்ளே நோய் நடந்துகொண்டேயிருக்கிறது. மருந்தின் தாளிலேயே இதை அச்சிட்டிருக்கிறார்கள். 'அனைத்தும் தீரும்' என்று சொல்லாத நூல் எத்தனை வறட்சியாய் இருக்கிறது பாருங்கள்! வறட்சியாய் இருந்தாலும் அதிலே எழுவாய் இருக்கிறது.

நூலின் இறுதியிலே மிளகைப் பற்றி ஒரு பக்கம். மஞ்சளோடு மிளகு சேர்த்ததால் தம் மாத்திரை இருபது மடங்கு ஆற்றலுடையது என்கிறார். பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரியார் 1998 இல் வெளியிட்ட ஆய்வை மனத்தில் வைத்துச் சொல்கிறார் போலும். 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, குருதியிலே ஏறிய குர்க்குமின் இருபது மடங்கானது மெய். ஏறியது இருபது மடங்கு என்பதும், ஆற்றல் இருபது மடங்கு என்பதும் ஒன்றா? ஏறக்குறைய ஒன்றுமில்லாததை இருபதால் பெருக்கினால் என்ன வரும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அன்றியும், பைப்பரின் இந்த வேலையைச் செய்வது ஈரலின் கையைக் கட்டிப்போட்டு. கட்டிய கை மஞ்சளுக்கு மட்டுமா கட்டப்படும்? குருதியழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை உண்ணும் எண்பது வயது முதியவரிடம், அந்த மாத்திரைகளையும் அது உடலிலே தேக்கக்கூடும். அமெரிக்காவில் மருந்தால் நேரும் ஈரல் கேட்டை ஆராயும் கூட்டமைப்பு, மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்டவர் பத்துப் பேரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது. அவருள் ஒருவர் மாண்டார். குழம்பு மஞ்சளால் அன்று, குப்பி மஞ்சளால். 'பக்கவிளைவே இல்லை, இயற்கைப் பொருள்' என்று நம் நூலின் பின்னட்டையிலே தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. எட்டிக்காயும் இயற்கைப் பொருள்தானே!

கடைசி இரு பக்கம் நன்றிக் கடிதங்கள். எழுதியவர் பெயர் உண்டு, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. அவற்றைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு மாலை நூலைத் திருப்பிக் கொடுக்கச் சென்றோம். ஐயா திண்ணையிலே அமர்ந்திருந்தார். அம்மையாரிடம், "குழம்பிலே எப்போதும் போல மஞ்சள் போடுங்கள் அம்மா. இந்தக் குப்பி வேண்டாம். டாக்டர் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்" என்றோம். மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பது அந்தப் பனிப்பூ மருந்தின் இனத்தைச் சேர்ந்ததுதான். சீட்டை வாங்கிப் பார்த்தோம்.

"அதைச் சாப்பிட்டா மட்டும் உன்னைத் தெரிஞ்சுக்குவாரா தம்பி?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாது அம்மா. இன்னும் மோசமாவது கொஞ்ச நாள் தள்ளிப் போகலாம். அவ்வளவுதான்."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு குப்பியையும் நூலையும் உள்ளே கொண்டுபோய் வைத்தார். எறிந்தாரா, பெட்டியில் வைத்தாரா என்று நாம் கேட்கவில்லை. ஐயாவின் அருகே அமர்ந்தோம். நாம் யாரென்று அவர் கேட்டார். அவருடைய மாணவன் என்றோம். "என்ன படிச்சே எங்கிட்டே?" என்றார். இலக்கணம் என்றோம். அன்று பொழுது சாயும்வரை எழுவாய், பயனிலை என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொண்டிருந்தார். இடையிலே இரண்டு முறை நம் பெயரைக் கேட்டார். இலக்கணத்திலே ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை.